‘உருத்துக்காரி’: வம்சாவளியிலும் உறுதியிலும் எழுதக்கூடிய சொல்லா?

வடலிவெளி கேட்டது:

வணக்கம். மரணசாதனம் (உயில்) எழுதாமல் இறந்த ஒருவரின் குடும்ப விபரக் கூற்று ஒன்றும், அதோடு சேர்ந்த இரண்டு உறுதிகளும் (காணிப் பத்திரங்களும்) ஆங்கிலத்தில் இருக்கு. மூன்றையும் தமிழில் பெயர்க்க வேணும். காணிகள் வலிகாமத்தில். இறந்தவர் தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்டவர். மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கினம்: மூத்த மகள் சீதன உறுதியோடு கலியாணம் செய்தவ, இளைய மகள் கலியாணம் செய்யேல்லை, கடைசி மகன்.

ஆங்கிலக் கூற்றில் மகனை ‘எயர்’ (heir) என்றும் பெண்கள் மூவரையும் சேர்த்து ‘எயரஸ்’ (heiress) என்றும் எழுதியிருக்கு. இதற்குத் தமிழில் பெண்பாற் சொல் ஒன்று தேடினால் நாலைந்து கிடைக்குது: பெண் வாரிசு, வாரிசுதாரி, உரித்தாளி, உருத்துக்காரி, உரிமை மகள். ஊரில் எல்லாரும் சொல்லுறது உருத்துக்காரி. அதை அப்படியே எழுதலாமா? உரித்தாளி என்பது உரித்தாளனுக்குப் பெண்பாலா? ஒரு சொல்லைத் தேர்ந்தால் அதை மூன்று பத்திரத்திலும் ஒரேமாதிரிப் போட வேணும் என்பதால் கேட்கிறேன்.

---

சொற்கட்டு எழுதியது:

உருத்து, உரித்து இரண்டும் ஒரே சொல். ‘உரி’ என்ற அடியில் பிறந்தது உரித்து. முதலில் நிற்கிற உகரம் அடுத்த இகரத்தையும் தன் பக்கம் இழுத்ததால் பேச்சில் உருத்து. உரிமை உருமை ஆனதும் இதே வழிதான். ஆகவே உருத்து பிழையான சொல் அல்ல, யாழ்ப்பாணத்தின் பேச்சு வடிவம். எழுத்தில் உரித்து என்று எழுதினால் எல்லா ஊராருக்கும் விளங்கும்.

இனி விகுதிகள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

‘உரித்தாளி’ பெண்பால் அல்ல. இகரத்தில் முடிகிறது என்பதற்காகப் பெண்பால் என்று எடுக்கக்கூடாது. தொழிலாளி, நோயாளி, பகையாளி, கூட்டாளி, முதலாளி எல்லாம் இரு பாலுக்கும் பொது. உரித்தாளியும் அந்த வரிசை. மகனை உரித்தாளன் என்றும் மகளை உரித்தாளி என்றும் எழுதினால், வாசிக்கிறவர் ஒருவர் பெண் என்று எடுப்பார், இன்னொருவர் ‘உரித்துள்ள யாரோ ஒருவர்’ என்று எடுப்பார். ஆளன் என்பதற்கு மொழி தந்த பெண்பால் ‘ஆட்டி’: மணவாளன் – மணவாட்டி. அந்த முறையில் உரித்தாட்டி என்று ஆக்கலாம். இலக்கணம் தடுக்காது, ஆனால் ஒருவரும் வழங்காத சொல்லைப் பத்திரத்தில் முதன்முதல் எழுதுவது நல்லதல்ல.

‘வாரிசுதாரி’யும் அதே சிக்கல்தான். நம் நாட்டில் விண்ணப்பதாரி, பட்டதாரி என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் எழுதுகிறோம். தாரி பெண்ணைக் குறிக்கிறது என்று ஒருவரும் எடுப்பதில்லை.

பெண்பாலை ஐயமில்லாமல் காட்டுகிற விகுதி ‘காரி’ மட்டுமே. உருத்துக்காரர், உருத்துக்காரன், உருத்துக்காரி என்று மூன்றும் ஒழுங்காக நிற்கும். ஆனால் காரியில் மரியாதை குறைவு. கடன்காரி, மீன்காரி, வீட்டுக்காரி என்று சொல்கிற தொனி எழுத்திலும் கூடவே வரும். மகனுக்கு ‘உரித்தாளர்’ என்று ‘அர்’ போட்டுவிட்டு மகளுக்கு ‘உருத்துக்காரி’ என்று எழுதினால், ஒரே தகப்பனின் பிள்ளைகள் ஒரே தாளில் இரண்டு படியில் நிற்பார்கள். இது சின்ன விஷயம் இல்லை. பெண்பாலைக் காட்டத்தான் வேண்டுமென்றால் உறவுப்பெயரால் காட்டுங்கள்: ‘உரித்தாளர் (மகள்)’.

‘உரிமை மகள்’ வேண்டவே வேண்டாம். பழந்தமிழில் உரிமை என்ற சொல்லுக்கு மனைவி, அரசனின் அந்தப்புரப் பெண்கள் என்ற பொருளும் உண்டு. ‘உரிமை மகளிர்’ என்றால் அரண்மனைப் பெண்கள். சொத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘கிழமை’ என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்த ‘கிழத்தி’ உண்மையிலேயே உரிமையுடையவள் என்ற பொருள் கொண்டது. ஆனால் இன்றைக்கு அதை எழுதினால் கிழவி என்றோ, தலைவன் தலைவி இலக்கியம் என்றோதான் வாசகர் மனம் போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘தாயாதி’ என்ற சொல்லைக் கண்டு அது தாய்வழி உரித்து என்று நினைக்கிறார்கள். அது தாயம் என்ற வடமொழிவழிச் சொல்லிலிருந்து வந்தது. தாயம் என்றால் வழிவழி வரும் சொத்துப் பங்கு. தாயாதி என்பவர் தந்தைவழிப் பங்காளி. அம்மாவுக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒரு உறவும் இல்லை.

---

உறுதிக்கட்டு எழுதியது:

சொல்லைப் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் கேள்வியின் முடிச்சு சொல்லில் இல்லை. அந்த ஆங்கிலக் கூற்று மூன்று பெண்களையும் ஒரு சொல்லுக்குள் அடைத்திருக்கு. தேசவழமையில் அந்த மூன்று பேரும் மூன்று விதமாக நிற்கினம். பெண்பாற் சொல் ஒன்றைக் கண்டுபிடித்து மூவருக்கும் போட்டால், மொழிபெயர்ப்பு அந்தப் பிழையைத் தமிழிலும் உறுதிப்படுத்திவிடும்.

முதலில் சொத்தின் பெயர்கள். 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இப்படிப் பிரிக்குது. தாய் தகப்பன், அப்பப்பா அம்மம்மா என்று மேல்வழியில் உள்ளவர் இறந்து வருவது முதுசம். மேல்வழியில் இல்லாத உறவினர், உதாரணமாகச் சகோதரம் இறந்து வருவது உருமை. கலியாணம் நிலைத்திருக்கும் காலத்தில் பெறுமதி கொடுத்துத் தேடியது, அவரவர் தனிச் சொத்திலிருந்து அந்தக் காலத்தில் வந்த இலாபம், இரண்டும் தேடியதேட்டம். தேடியதேட்டத்தின் வரைவிலக்கணம் 1947 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டது. பெண்ணுக்குக் கலியாணத்தோடு கொடுத்தது சீதனம்.

இங்கே மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டியது: உருமை (உரிமை) என்பது தேசவழமையில் ஒரு குறித்த சொத்துவகையின் பெயர். ஆகவே ‘உரிமைக்காரி’ என்றோ ‘உரிமை பெற்றவர்’ என்றோ எழுதினால், சட்டம் தெரிந்தவர் ‘இது சகோதரம் இறந்து வந்த சொத்தோ’ என்று ஒரு கணம் நிற்பார். தகப்பனின் சொத்து என்றால் ‘முதுச வழியாக’ என்று எழுதுங்கோ. பொதுப்பட உரிமை என்று எழுத வேண்டிய இடத்தில் உரித்து என்று எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

இப்ப பெண்களைப் பார்ப்பம். கணக்கு விளங்குவதற்காக, இறந்தவருக்கு முதுசம் 4 பரப்பும் தேடியதேட்டம் 8 பரப்பும் (பரப்பு எங்கட காணி அளவு) இருந்தது என்று வையுங்கோ.

மனைவி: பிள்ளைகள் இருக்கும்போது கணவனின் முதுசத்தில் அவவுக்குப் பங்கு இல்லை. தேடியதேட்டத்தில் பாதி, 4 பரப்பு, அவவுக்கு. இது 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், அதாவது பொதுச் சட்டத்தின்கீழ், வருகிற ஆக்களின் நிலையிலிருந்து வேறு. அங்கே உயிரோடிருக்கும் துணைக்கு முழுச் சொத்திலும் பாதி. கொழும்பில் பழகிய மொழிபெயர்ப்பாளர்கள் ‘மனைவிக்கு எல்லாவற்றிலும் பாதி’ என்ற எண்ணத்தோடு வருவதால் இந்த இடத்தில் பிழைவிடுகினம்.

மூத்த மகள்: சீதனம் பெற்றவ. தேசவழமைத் தொகுப்பின் பழைய விதி, சீதனம் பெற்ற மகள் அந்தச் சீதனத்தோடு திருப்திப்பட வேணும், வேறு பிள்ளைகள் இருக்கும்வரை பெற்றார் சொத்தில் கேட்க ஏலாது என்பது. 1911 ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும் நீதிமன்றங்கள் இந்த விதியை விடேல்லை. ஆகவே இந்தக் குடும்பத்தில், சீதன உறுதி ஒழுங்கானது என்றால், மூத்த மகள் உரித்தாளர் அல்ல.

இளைய மகளும் மகனும்: முதுசம் 4 பரப்பில் ஆளுக்கு 2. தேடியதேட்டத்தின் மற்றப் பாதி 4 பரப்பில் ஆளுக்கு 2. மகன் என்பதால் கூட இல்லை, மகள் என்பதால் குறைவும் இல்லை.

மொத்தம்: மனைவி 4, இளைய மகள் 4, மகன் 4, மூத்த மகள் இல்லை. ஊர்ப்பேச்சில் மூன்று பெண்களும் உருத்துக்காரர்தான். மூத்தவ செத்தவீட்டில் வாய்க்கரிசி போடுகிற உருத்துக்காரி, அந்த உரித்தை ஒருவரும் மறுக்கேலாது. மச்சான் மச்சாள் முறைக்கும் உருத்து என்றுதான் சொல்லுகிறம். பேச்சில் அந்தச் சொல்லுக்கு உறவும் அடங்கும், சொத்தும் அடங்கும். பத்திரத்தில் சொத்து மட்டும் வர வேணும். அதனால்தான் உருத்துக்காரியை அங்கே எழுத வேண்டாம் என்கிறேன்.

மூத்த மகளைப் பற்றி எழுதுமுன் உறுதியின் தலைப்பைப் பாருங்கோ. ‘சீதன உறுதி’யா, ‘நன்கொடை உறுதி’யா? கலியாணத்தை முன்னிட்டுப் பெற்றார் சீதனமாகக் கொடுத்தது என்று உறுதியின் வாசகம் சொல்லுதா? சும்மா அன்பின் பேரில் கொடுத்த நன்கொடையை மொழிபெயர்ப்பாளர் ‘சீதனம்’ என்று பெயர்த்தால், ஒரு சொல்லால் அந்தப் பெண்ணின் உரித்து முழுதும் போகும். எதிர்ப்பக்கமும் அப்படித்தான். சீதன உறுதியை ‘நன்கொடை’ என்று மென்மையாக்கினால் இல்லாத உரித்து ஒன்று உண்டாகும். கலியாணம் செய்தவ என்பதற்காக மட்டும் ஒரு மகள் உரித்து இழக்க மாட்டா. சீதனம் பெற்றாவா என்பதுதான் கேள்வி. மாப்பிள்ளை வீட்டாருக்குக் காசாகக் கொடுக்கிற டொனேசன் வேறு விஷயம், அதையும் சீதனம் என்று சேர்த்து எழுதக்கூடாது.

இந்த இடத்தில் பழைய விதியின் மறுபக்கத்தையும் சொல்ல வேணும், ஏனென்றால் பெண் உரித்தாளர் என்ற கருத்து எங்கட வழமைக்குப் புதிது இல்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் திசாவை (ஒல்லாந்த அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் (தமிழ்த் தலைவர்கள்) பார்த்துச் சரியென்ற தொகுப்பிலேயே, சீதனம் பெற்ற பெண் பிள்ளையில்லாமல் இறந்தால் அந்தச் சீதனம் முதலில் அவவின் சகோதரிகளுக்கும், பிறகு அவர்களின் மகள்மாருக்கும் பேர்த்திமாருக்கும் போகும் என்றிருக்கு. அண்ணன் தம்பிமாரின் முறை அதற்குப் பிறகுதான். பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அந்தத் தொகுப்புக்குச் சட்ட வலு கொடுத்தினம். தாயின் சீதனம் மகளுக்கு, தகப்பனின் முதுசம் மகனுக்கு என்று இரண்டு வழியாகச் சொத்து ஓடிய காலத்தின் தடம் அது. இன்றைய பங்கீட்டை அதிலிருந்து எழுதக்கூடாது, 1911 இன் சட்டத்தைப் பார்க்க வேணும். ஆனால் பழைய உறுதிகளைப் பெயர்க்கும்போது ‘ஏன் இந்தக் காணி சகோதரிக்குப் போனது’ என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கு.

சொல்லுக்கு வருவம். இலங்கைச் சட்டத் தமிழில் வழியுரிமையாளர், உரித்தாளர் இரண்டும் நடக்குது. எதை எடுத்தாலும் முதலில் ஒருமுறை ‘இறந்தவரின் உரித்தாளர்’ என்று எழுதிப் பிறகு அதையே கடைசிவரை கொண்டுபோங்கோ. ஒரு பந்தியில் வாரிசு, அடுத்ததில் உரித்தாளர், பிறகு வழியுரிமையாளர் என்று மாற்றினால், மூன்று வேறு ஆக்களோ என்று கேள்வி வரும். அழகுக்காகச் சொல் மாற்றுவது கட்டுரைக்குச் சரி, உறுதிக்குச் சரியில்லை.

---

ஐந்துசந்தி எழுதியது:

‘வாரிசு’ பற்றி ஒரு குறிப்பு. அது அரபியிலிருந்து வந்த சொல். முஸ்லிம் குடும்பத்தின் சொத்தென்றால் அதுவே சரியான கலைச்சொல், தமிழ்ப்படுத்தத் தேவையில்லை. அங்கே மகள் என்ன பெறுகிறாள் என்பது பாலோடு சேர்ந்தே வருகிறது: மகனோடு சேர்ந்தால் மகனின் பங்கில் பாதி. மகன் இல்லாமல் ஒரே மகள் என்றால் சொத்தில் 1/2. இரண்டு மகள் அல்லது கூட என்றால் எல்லாருக்குமாக 2/3. ஆகவே ‘வாரிசு’ என்று மட்டும் எழுதிவிட்டு மகன் மகள் என்று குறிக்காமல் விட்டால் பங்கே கணக்கிட முடியாது. இலங்கையில் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் இதற்குரியது. யாழ்ப்பாணத்தில் காணி இருந்தாலும் முஸ்லிம்களுக்குத் தேசவழமைப் பங்கீடு வராது.

---

கனகாம்பிகைக்குளம் எழுதியது:

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காணி இருக்கிற குடும்பங்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறது நல்லது. பெர்மிற் காணி, அதாவது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் (1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கம்) அரசு கொடுத்த காணி என்றால், சொல் ‘பின்னுரித்தாளர்’. இவர் உரித்தாளர் அல்ல. அனுமதிப் பத்திரம் வைத்திருந்தவர் பெயர் குறித்து நியமித்த ஆள். பெயர் குறிக்காமல் இறந்தால் அந்தச் சட்டத்தின் அட்டவணை வரிசைப்படி போகும். அந்த வரிசையில் முன்பு மகன்மார் முதலில், மகள்மார் பிறகு. பேரன் முதலில், பேர்த்தி பிறகு. ஒரே படியில் பலர் இருந்தால் வயதில் மூத்தவர். இந்த ஆண் முதன்மை 2022 இல் வந்த திருத்தத்தால் எடுக்கப்பட்டது.

பழைய ஆவணத்தில் மகள் இருக்க மகன் பெயரில் காணி மாறியிருந்தால், அதை மொழிபெயர்க்கிறவர் ‘மகள் உரித்தை விட்டுக்கொடுத்தார்’ என்று தானாக எழுதக்கூடாது. அவர் ஒன்றும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார். அன்றைய அட்டவணை அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

முதுசக் காணியையும் பெர்மிற் காணியையும் ஒரே கூற்றில் ‘உரித்தாளர்’ என்று கலந்து எழுதுகிறதுதான் நான் கூடக் காணுகிற பிழை. இரண்டுக்கும் தனித்தனிப் பந்தி வையுங்கோ.

---

வடலிவெளி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பெர்மிற் காணி இதில் இல்லை, எல்லாம் உறுதிக் காணி. மூத்த மகளின் உறுதித் தலைப்பு சீதன உறுதிதான், கலியாணத்தை முன்னிட்டு என்ற வாசகமும் இருக்கு.

ஆனால் மூலத்தில் மூன்று பெண்களையும் ‘எயரஸ்’ என்றுதானே போட்டிருக்கு. நான் பெயர்ப்பவன், திருத்துபவன் இல்லையே? அதோடு இரண்டாவது உறுதியில் மூத்த மகள் தன் சீதனக் காணியை விற்கிறா. அதில் அவவின் கணவனும் கையெழுத்து. அவரை எப்படிக் குறிப்பது?

இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘காலஞ்சென்ற இன்னாரின் பெண் வாரிசுகளாகிய மனைவியும் மகள்மார் இருவரும், ஆண் வாரிசாகிய மகனும் மேற்படி ஆதனத்தின் உரிமைக்காரர் ஆவர்.’

---

உறுதிக்கட்டு எழுதியது:

மூலத்தைத் திருத்துவது உங்கட வேலை இல்லை, அது சரி. மூலம் சொன்னதை மூலம் சொன்னபடியே பெயருங்கோ. ஆனால் தமிழ்ச் சொல்லால் மூலத்தைவிடக் கூடச் சொல்லிவிடக்கூடாது. ‘உரிமைக்காரர் ஆவர்’ என்பது கூடச் சொல்லுறது. ஆங்கிலத்தில் இருப்பது உறவைச் சொல்லுகிற சொல், ஆதனத்துக்குச் சொந்தக்காரர் என்று அது சொல்லேல்லை. மூத்த மகள் பற்றிய சந்தேகத்தை மொழிபெயர்ப்புக் கேட்டவருக்குத் தனித் தாளில் எழுதிக் கொடுங்கோ, சட்டத்தரணி பார்த்து மூலக் கூற்றையே திருத்துவார். மொழிபெயர்ப்பின் உள்ளே அடைப்புக்குறி போட்டு விளக்கம் எழுத வேண்டாம். அது மூலத்தின் பகுதி என்று வாசிக்கப்படும்.

கணவனின் கையெழுத்து: 1911 ஆம் ஆண்டுச் சட்டப்படி, கலியாணம் செய்த பெண் தன் அசையாச் சொத்தை உயிரோடிருக்கும்போது விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேணும். அசையும் சொத்துக்கு வேண்டாம். கணவன் காரணமில்லாமல் சம்மதம் மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்தைக் கொடுக்கலாம். ஆகவே அவர் அங்கே சொந்தக்காரராகக் கையெழுத்து வைக்கேல்லை. ‘சம்மதம் தெரிவிக்கும் கணவர்’ என்று எழுதுங்கோ. ‘விற்பனையாளர்கள்’ என்று பன்மை போட்டு இருவரையும் ஒன்றாக்கினால், பிறகு உறுதியை ஆராய்கிறவர் கணவனுக்கும் அதில் பங்கிருந்ததாக எடுப்பார். சீதனக் காணி பெண்ணின் தனிச் சொத்து. இந்தச் சம்மத விதி பெண்ணுக்குச் செய்யிற அநியாயத்தைப் பற்றி எனக்குத் திடமான எண்ணம் உண்டு. ஆனால் சட்டம் நிற்கும்வரை உறுதியில் அது இருக்க வேணும், இல்லாவிட்டால் நட்டப்படுவது அந்தப் பெண்ணும் வாங்குகிறவரும்தான்.

ஒரு விலக்கு: தேசவழமைக்கு உட்பட்ட பெண், தேசவழமைக்கு உட்படாத ஒருவரைக் கலியாணம் செய்தால், அந்தக் கலியாணம் நிலைக்கும்வரை அவ தேசவழமைக்கு உட்பட மாட்டா. அப்ப இந்தச் சம்மதம் என்ற பேச்சு இல்லை. ஆனால் தகப்பனின் சொத்து எப்படிப் பிரியும் என்பது தகப்பன் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டையும் குழப்பவேண்டாம்.

பெயர் எழுதும்போது, பெண்களுக்கு மட்டும் வருகிற இடைஞ்சல் ஒன்று உண்டு. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர், கலியாணத்துக்குப் பிறகு அடையாள அட்டையில் கணவன் பெயர், உறுதியில் வீட்டுப் பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று காட்ட, ‘இன்னாரின் மகளும் இன்னாரின் மனைவியுமாகிய இன்னார்’ என்று முழுதாக எழுதி, அடையாள அட்டை இலக்கத்தையும் போடுங்கோ. இலக்கத்தை ஒருமுறை சரிபாருங்கோ: பிறந்த ஆண்டுக்கு அடுத்து வருகிற மூன்று இலக்கம் ஆண்டின் நாளைக் குறிக்கும், பெண்ணுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். மகளின் இலக்கத்தில் அந்த இடம் 500 க்குக் குறைவாக இருந்தால் மகனின் இலக்கத்தை மாறிப் பதிந்திருக்கிறீர்கள். உரித்தாளர் என்ற பொதுச்சொல்லை எழுதினால் பால் தெரியாதே என்ற கவலைக்கும் இதுவே மருந்து: மகள் என்ற உறவும், அந்த இலக்கமும் போதும்.

பங்கை எழுதும்போது, பிரிக்கப்படாத காணி என்றால் ‘பிரிபடாத 1/2 பங்கு’ என்றே எழுதுங்கோ. 4 பரப்பில் பாதி 2 பரப்புத்தானே என்று ‘2 பரப்பு’ என்று எழுதினால், எந்தப் பக்கத்து 2 பரப்பு என்ற வழக்கு வரும். குழிக்கணக்கு வந்தால் 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். 5 பரப்பை மூன்றாகப் பிரித்தால் 90 குழி, ஆளுக்கு 30 குழி, அதாவது 1 பரப்பு 12 குழி. இதைப் பத்துக் கணக்கில் 1.67 பரப்பு என்று எழுதி வந்த உறுதிகளால் வேலி வழக்கே வந்திருக்கு.

---

சொற்கட்டு எழுதியது:

உங்கள் வசனத்தில் இன்னும் இரண்டு. ‘பெண் வாரிசுகள், ஆண் வாரிசு’ என்று பிரித்ததால் பால் முன்னுக்கு வந்து உறவு பின்னுக்குப் போய்விட்டது. மனைவியும் மகளும் ஒரே கூட்டமாகிவிட்டார்கள். பிரிக்க வேண்டிய கோடு ஆண் பெண் என்பதில் இல்லை, மனைவி பிள்ளைகள் என்பதில். மற்றது, ‘ஆதனத்தின்’ என்பதை எடுத்துவிடுங்கள், மூலத்தில் இல்லை.

ஆங்கிலச் செய்தித்தாள்களில் தகப்பன் உயிரோடிருக்கும்போதே பணக்கார வீட்டு மகளை ‘எயரஸ்’ என்று எழுதுவார்கள். தமிழில் அதற்கு ‘செல்வந்தரின் மகள்’ என்று எழுதினால் போதும். சட்டத்தில் உயிரோடிருக்கும் ஒருவருக்கு உரித்தாளர் கிடையாது. இறந்த பிறகுதான் அந்தச் சொல் பிறக்கிறது. அதேபோல் மரணசாதனத்தில் பெயர் எழுதிக் கொடுக்கப்பட்ட மகளும் அந்தச் சொத்தைப் பொறுத்தவரை உரித்தாளர் அல்ல, ‘மரணசாதனப்படி பெறுபவர்’.

---

உறுதிக்கட்டு எழுதியது:

அதோடு ஒன்று: ‘உயிரோடிருப்பவருக்கு உரித்தாளர் இல்லை’ என்றாலும், 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கத் தேசவழமை முன்வாங்கல் உரிமைச் சட்டத்தில் வருகிற ஆக்கள் இருக்கினம். காணி விற்கிறவரின் கூட்டுச் சொந்தக்காரருக்கும், அவர் மரணசாதனம் இல்லாமல் இறந்தால் உரித்தாளராகக் கூடியவர்களுக்கும் அந்தக் காணியை முதலில் வாங்கும் உரிமை உண்டு. மகள்மாரும் அதில் அடக்கம். அந்த அறிவித்தலைப் பெயர்க்கும்போது ‘உரித்தாளர்கள்’ என்று மட்டும் எழுதினால் பிழை, ‘உரித்தாளராகக் கூடியோர்’ என்று எழுத வேணும். முந்திய வழமையில் அயல்காணிக்காரருக்கும் இந்த உரிமை இருந்தது, அந்தச் சட்டத்தோடு அது நின்றது. பழைய அறிவித்தல்களில் அவர்களின் பெயர் வந்தால் உரித்தாளர் என்று எடுத்துவிடாதேங்கோ.

---

புலம்பெயர்தமிழ் எழுதியது:

தமிழ்நாட்டுப் படிவத்தில் ‘வாரிசுச் சான்றிதழ்’ என்று ஒன்று வருகிறதே, அதை யாழ்ப்பாணத்துக் காணிக்கும் எடுக்கலாமா? அப்படி எடுத்தால் ‘பெண் வாரிசு’ என்ற சொல்லே பொருந்துமே.

---

உறுதிக்கட்டு எழுதியது:

எடுக்கேலாது. தமிழ்நாட்டில் வட்டாட்சியர் கொடுக்கிற அந்தச் சான்றிதழுக்கு இங்கே ஒப்பான ஒன்று இல்லை. இங்கே மரணசாதனம் இல்லாதவரின் சொத்து நிருவாகம் மாவட்ட நீதிமன்ற வழக்கால் நடக்குது. கிராம அலுவலர் கொடுக்கிற குடும்ப விபரக் கடிதம் உரித்தைத் தீர்மானிக்காது. அங்கத்தைய மகள் உரிமை 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும் 2005 ஆம் ஆண்டுத் திருத்தமும் சார்ந்தது. அது எங்கட காணிக்கு வராது. அங்கே ‘பத்திரம்’ என்பது இங்கே ‘உறுதி’. படிவத்தைக் கொண்டுவந்தால் சட்டமும் சேர்ந்து வந்த மாதிரி ஒரு தோற்றம் வரும், அதுதான் ஆபத்து.

---

வடலிவெளி எழுதியது:

திருத்தி எழுதியது: ‘காலஞ்சென்ற இன்னாரின் உரித்தாளர்கள்: மனைவி இன்னார், மகள் இன்னார் (இன்னாரின் மனைவி), மகள் இன்னார், மகன் இன்னார்.’ சீதன உறுதி பற்றிய கேள்வியைத் தனித் தாளில் வைக்கிறேன். இரண்டாவது உறுதியில் ‘விற்பவர்: இன்னாரின் மகளும் இன்னாரின் மனைவியுமாகிய இன்னார். சம்மதம் தெரிவிக்கும் கணவர்: இன்னார்.’

---

உறுதிக்கட்டு எழுதியது:

சரி. தனித் தாளில் சீதன உறுதியின் இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசு பெயர் மூன்றையும் குறியுங்கோ. காணிப் பதிவகத்தில் தேடுகிறவருக்கு அவை இல்லாமல் ஒன்றும் செய்யேலாது.